பழைய நகரும் புதுக்குடியும்

சீகிரியாக் குன்றின் மேல் ஏறுவோர், சிங்கப் பாதங்கள் அமைந்த மேடையை அண்மியதும் ஓர் எச்சரிக்கைப் பலகையைக் காண்பர். பாறையிடுக்குகளில் குளவிகள் கூடு கட்டியுள்ளன, ஆகையால் சத்தமிடாது செல்லுங்கள் என்பது அதன் செய்தி. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அப்பலகை வேண்டுவதில்லை. தாய் தந்தையரோடு முதன்முறை ஏறிய அன்றே அவர்கள் அதனைச் செவிவழியாக அறிந்துகொள்வர். வேற்றுநாட்டிலிருந்து வருபவரோ படித்துத்தான் அறிய வேண்டும். அவருள்ளும் ஜேர்மானியர் பலர் பலகையின் முன் நின்று, அதனை முடிவுவரை படித்து, அதன்பின்னரே அடியெடுத்து வைப்பதைக் காணலாம். கண்டு நம்மவர் புன்னகை செய்வதும் உண்டு.

அப்புன்னகையைச் சற்று அடக்கிக்கொள்வது நன்று. இப்பொழுது நம்முடைய பிள்ளைகள் அவர்களுடைய ஊர்களிற் சென்று குடியேறுகின்றனர். அங்கே பலகையைப் படிக்க வேண்டியவர் நாமே. அதிலும், அவ்வூர்களின் விதிகளுட் பாதி எந்தப் பலகையிலும் எழுதப்படாதவை.

நேயர்களே, இன்றைய பேச்சிற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், ஜேர்மனியின் பழைமை வாய்ந்த ஒரு சிறுநகரில் புதிதாகக் குடிபுகுவோர் நாளாந்தம் எதிர்கொள்ளும் வாழ்க்கை. பெர்லின், ஹம்பேர்க் போன்ற பெருநகரங்கள் உலகெங்கும் ஏறக்குறைய ஒரே முகமுடையன. யார் வந்தார், யார் போனார் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. ஐம்பதினாயிரம் பேரோ அதனினும் குறைந்தோரோ வாழும் பழைய ஊர்களே புதியவரைச் சோதிப்பவை. ஏற்றுக்கொண்டபின் அவரை எளிதில் கைவிடாதவையும் அவையே.

அத்தகைய ஊர்களுக்கும் நமக்கும் உள்ள தொடர்பு நேற்று ஏற்பட்டதன்று. எர்லாங்கன் என்னும் பல்கலைக்கழகச் சிறுநகரில் பேராசிரியராக இருந்த வில்ஹெல்ம் கைகர் 1895ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தார். 1908இல் மகாவம்சத்தைப் பதிப்பித்து, 1912இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். சீகிரியாவை அரசிருக்கையாக்கிய காசியப்பனின் கதையைக் கூறும் சூளவம்சமும் பின்னர் அவர் கையாலேயே பதிப்பிக்கப்பட்டது. நம் ஊர்க் கதையை அவ்வூர்க்காரர் ஒருவர் அத்துணை உழைத்துப் படித்திருக்க, அவருடைய ஊர்க் கதையை நாம் படிக்க முற்பட்டது மிகவும் பிந்தியே. அதுவும் விரும்பிச் சென்று படித்ததன்று. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின்னர் ஆயிரக்கணக்கான தமிழர் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு ஜேர்மனியை அடைந்து அடைக்கலம் கோரினர். அந்நாட்டரசு அவர்களை ஓரிடத்திற் குவியவிடாது மாநிலங்களுக்குப் பங்கிட்டது. மாநிலங்கள் சிறுநகரங்களுக்கும் கிராமங்களுக்கும் அனுப்பின. வழக்கு முடியும்வரை குறித்த நிர்வாக எல்லையைவிட்டு அனுமதியின்றி வெளியேறலாகாது என்ற விதியும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. ஆகவே, ஜேர்மனியிற் பல தமிழரின் வாழ்வு பெருநகரத்திலன்றிச் சிற்றூர்களிலேயே தொடங்கிற்று. இன்று செல்வோர் வேறு வகையினர். திருமணமாகிச் செல்லும் பெண்களும், தொழிற்பயிற்சிக்கும் தாதியர் பணிக்கும் உயர்கல்விக்கும் செல்லும் இளைஞருமே அவர்களுட் பலர். ஆயினும் அவர்கள் போய்ச் சேரும் ஊர் பெரும்பாலும் அதே ஊர்தான்.

உதாரணத்திற்கு ஓர் ஊரை மனக்கண் முன் நிறுத்திக்கொள்வோம். வெஸ்ட்பாலியாப் பகுதியிலே சோஸ்ட் என்றொரு நகர் உண்டு. பழைய வணிக நகரக் கூட்டணியில் இடம்பெற்றிருந்த ஊர் அது. பச்சைச் சாயலுள்ள மணற்கல்லாற் கட்டிய தேவாலயங்கள், மரச்சட்டமிட்டு இடைவெளியை மண்ணாலும் சாந்தாலும் அடைத்த வீடுகள், பெரும்பகுதி இன்றும் நிற்கும் நகர மதில் ஆகியவை அதன் அடையாளங்கள். அங்குள்ள புல்வெளி மாதா தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரமொன்றில் இயேசுநாதரின் இறுதி விருந்து தீட்டப்பட்டிருக்கின்றது. அவ்விருந்து மேசையில் இருப்பவை வெஸ்ட்பாலியாவின் பன்றியிறைச்சி, கறுத்த கம்புரொட்டி, பியர் என்பனவாம்! தம் ஊர் உணவைத் தெய்வத்தின் மேசைமேல் வைத்துப் பார்க்கும் மக்கள் தம் வழக்கங்களை எளிதில் மாற்றிக்கொள்வார்களா? கார்த்திகை மாதத் தொடக்கத்தில் ஐந்து நாள் நடைபெறும் அவ்வூர்ச் சந்தைத் திருவிழா ஆறு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடையது. அந்நாட்களில் அமைதியான அவ்வூரை அடையாளம் காணவும் முடியாது.

இனி, வந்து சேர்ந்த புதியவரைத் தொடர்வோம். அவருடைய முதற் காரியம் ஊர்ப்பதிவு. வீடு புகுந்த இரண்டு வாரங்களுக்குள் நகரசபைப் பதிவகத்துக்குச் சென்று, இன்ன தெருவில் இன்ன இலக்க வீட்டில் வசிக்கின்றேன் என்று பதிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்காரர் ஒப்பமிட்ட உறுதிக் கடிதமும் கையில் இருத்தல் அவசியம். இது 2015ஆம் ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம். அப்பதிவின்றி வரி இலக்கமில்லை, வதிவிட அனுமதி வேலையும் நகராது. நம் நாட்டிற் கிராம அலுவலரிடம் வதிவிடச் சான்று பெறுவதற்கு இது ஒப்பானது எனலாம். வேறுபாடு யாதெனில், நம் கிராம அலுவலர் நம்மையும் அறிவார், நம் தகப்பனாரையும் அறிவார். அங்கே மேசைக்கு அப்பால் இருப்பவர் நம் கடவுச்சீட்டை மட்டுமே அறிவார்.

கடவுச்சீட்டிலேதான் தமிழருக்கு ஒரு தனிச் சங்கடம் ஒளிந்திருக்கின்றது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரே முன் நிற்கும். கந்தையாவின் மகன் செல்வராசா அங்கே ‘திரு. கந்தையா’ ஆகின்றார். எவரேனும் அப்பெயரால் அழைத்தால், காலஞ்சென்ற தகப்பனாரைத் தேடுபவர்போல் அவர் திரும்பிப் பார்ப்பார். செல்வராசாவின் மகனுக்கோ குடும்பப் பெயர் ‘செல்வராசா’. மனைவி தன் தகப்பன் பெயரோடு வந்தவள். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்களைக் கண்ட பதிவாளர், இவர்கள் உண்மையில் ஒரு குடும்பந்தானா என்று ஐயுறுவதிற் குற்றங் கூற முடியாது. பொறுமையாக விளக்கிச் சொல்லுதலும் பிறப்பு, விவாகச் சான்றுகளைக் காட்டுதலுமே இதற்கு வழி.

எப்பெயர் பதிவாயிற்றோ அப்பெயரை வாயிலிலுள்ள அழைப்பு மணியிலும் கடிதப் பெட்டியிலும் அன்றே எழுதி ஒட்டிவிட வேண்டும். பெட்டியிற் பெயர் இல்லையேல் அஞ்சற்காரர் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். இது சிறு விடயமன்று. அந்நாடு கடிதத்தால் ஆளப்படும் நாடு. அரசாங்க அலுவலகம், நோய்க் காப்புறுதி, வீட்டுக்காரர், பிள்ளையின் பாடசாலை ஆகிய யாவரும் எழுதுவர். சில கடிதங்கள் மஞ்சள் உறையில் வரும். அஞ்சற்காரர் அதனைப் பெட்டியில் இட்ட திகதியை உறையின் மேலேயே குறித்துச் செல்வார். அன்றிலிருந்து தவணை ஓடத் தொடங்கும். நாம் வாசித்தோமா, வாசித்தது விளங்கியதா என்பது அங்கே கேள்வியன்று. அலுவலகமொன்றின் முடிவுக்கு மறுப்புத் தெரிவிக்கப் பொதுவாக ஒரு மாதம் உண்டு. அடைக்கல வழக்குகளில் அதனினும் குறைவு. விளங்காத கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, நல்ல நாள் பார்த்து யாரிடமேனும் கேட்போம் என்று இருப்பவர், வாதாடினால் வென்றிருக்கக்கூடிய வழக்கையும் வாதாடாமலே இழந்துவிடுவார். திறக்காத கடிதத்தைப் போல் புதியவரைக் கெடுப்பது வேறொன்றுமில்லை என்பது என் எண்ணம்.

வானொலியிற் பேசிக்கொண்டு இன்னொரு கடிதத்தைக் குறிப்பிடாமல் விடலாகாது. வீட்டில் வானொலிப் பெட்டி இருப்பினும் இல்லாவிடினும், 2013ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு குடியிருப்பும் ஒலிபரப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். 2021ஆம் ஆண்டில் அது மாதத்துக்கு 18.36 யூரோவாக விதிக்கப்பட்டது. பதிவகத்திலிருந்து முகவரி தானாகவே அவ்வலுவலகத்துக்குச் சென்றுவிடும். நம் நாட்டிலும் ஒருகாலத்தில் வானொலிப் பெட்டிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டியிருந்ததை அறிந்த முதியோர் இதற்கு வியக்கமாட்டார்கள். இளையோர்தாம், எவனோ ஏமாற்றுக்காரன் எழுதியதென்று கிழித்தெறிந்துவிடுகின்றனர்.

வீட்டுக்குள் வருவோம். அடுக்கு வீடுகளின் படிக்கட்டருகே ‘வீட்டொழுங்கு’ என்ற தாளொன்று தொங்கும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை அமைதி. ஞாயிற்றுக்கிழமை நாள் முழுவதும் அமைதி. ஞாயிற்றுக்கிழமையிற் சுவரிலே துளையிடுதல், ஆணி அறைதல், போத்தல்களைப் பொதுத் தொட்டியில் எறிதல் ஆகியவை கூடா. குடியிருப்புப் பகுதிகளில் அன்று புல்வெட்டும் இயந்திரத்தை இயக்குதல் 2002ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின்படி குற்றமே ஆகும். ஞாயிறு ஓய்வுக்கும் உள்ளத்தின் உயர்வுக்கும் உரிய நாள் என்னும் கருத்து, 1919ஆம் ஆண்டு வைமார் அரசியலமைப்பில் எழுதப்பட்டு, 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டத்தினுள்ளும் அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டது. கடைகளும் அன்று மூடியிருக்கும். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முன்னாளில் வேலை நாட்களில் மாலை 6.30 மணிக்கும், பெரும்பாலான சனிக்கிழமைகளிற் பிற்பகல் 2 மணிக்கும் கடைகள் அடைபட்டன. எண்பதுகளிற் சென்ற நம்மவர் சனி மாலையில் அரிசிப் பை வெறுமையாக இருக்கக் கண்டு திங்கள்வரை பாணைத் தின்ற கதையைச் சொல்லக் கேட்கலாம். வேலை நாட்களுக்குரிய அக்கட்டுப்பாடு பின்னர் பெரிதும் தளர்ந்துவிட்டது. 2006ஆம் ஆண்டு முதல் அது மாநிலங்களின் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மாத்திரம் பெரும்பாலும் அசையாது நிற்கின்றது. புகையிரத நிலையக் கடையும், எரிபொருள் நிலையமும், காலையிற் சில மணிநேரம் பாண் கடையுமே அன்று கைகொடுக்கும்.

இவ்வளவு அமைதி எதற்காக என்று நம்மவர் கேட்பது இயல்பு. நம் ஊரில் அடுத்த வீட்டார் அதிகாலையில் மா இடித்தாலும், ஒலிபெருக்கி கட்டிக் கலியாணம் செய்தாலும் நாம் பொறுத்துக்கொள்கின்றோம். நம் வீட்டில் ஒரு சாவு நேர்ந்தால் முதலில் ஓடிவருபவர் அவர் என்பது நமக்குத் தெரியும். தொந்தரவும் துணையும் ஒரே வாயிலால் வருகின்றன. ஜேர்மனியின் சிறுநகரில் சுவருக்கு அப்பால் இருப்பவர் உறவினருமல்லர், ஒரே கோயிலை வணங்குபவருமல்லர். அவர் நமக்குச் செய்யக்கூடிய முதல் உபகாரம் நம் அமைதியைக் குலையாதிருப்பது. அதையே அவர் நம்மிடமும் எதிர்பார்க்கின்றார். ஆகவே அங்கே விதியைக் காத்தல் என்பது அதிகாரத்துக்கு அஞ்சுதல் மாத்திரமன்று, அயலவருக்குச் செலுத்தும் மரியாதையுமாகும். இதனை அறியாதவர், ஞாயிறு காலை சம்பல் அரைக்கும் இயந்திரத்தின் ஒலி கேட்டு மேல்மாடிக் கிழவி இறங்கி வந்து கதவைத் தட்டும்போது, தம் நிறத்தைக் கண்டு வெறுக்கின்றாள் என்று முடிவு கட்டிவிடுவர். கதவைத் தட்டி நேரே சொல்வது அங்கே பகைமையின் அறிகுறியன்று, பகைமையைத் தவிர்க்கும் வழி. சொல்லி முடித்ததும் அவளைப் பொறுத்தவரை அவ்விடயம் தீர்ந்தது. நம்மிடையேயோ, நேரே சொல்லாமல் நாலு பேரிடம் சொல்வது மரியாதை, நேரே சொல்வது அவமதிப்பு. இரண்டு நாட்டு மரியாதைகளும் ஒன்றையொன்று தலைகீழாகப் பார்ப்பதால் வரும் துன்பம் இது.

குப்பையைப் பற்றிச் சொல்லாமல் ஜேர்மனியைப் பற்றிப் பேச இயலாது. பொதிகள் மஞ்சட் பையில் அல்லது மஞ்சள் தொட்டியில், கடதாசி நீலத் தொட்டியில், மரக்கறித் தோலும் தேயிலைச் சக்கையும் மண்ணிறத் தொட்டியில், எஞ்சியது கறுப்பில் அல்லது சாம்பல் நிறத்தில். நிறங்கள் ஊருக்கு ஊர் சிறிது மாறுபடும். கண்ணாடிப் போத்தல்களுள் வெள்ளை, பச்சை, மண்ணிறம் என்பன வேறு வேறாம். பிளாத்திக்குப் போத்தல்களையும் தகரப் பேணிகளையும் கடையில் திருப்பிக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 25 சதம் மீளக் கிடைக்கும். 2003ஆம் ஆண்டு வந்த ஏற்பாடு இது. எந்தக் கிழமை எந்தத் தொட்டியை வாயிலில் வைக்க வேண்டும் என்பதற்கு நகரசபை நாட்காட்டியொன்று வெளியிடும். நம் வீட்டுப் பஞ்சாங்கத்துக்கு அருகில் அதையும் தொங்கவிட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். தெற்கே சுவாபியப் பகுதியிற் படிக்கட்டையும் வாயிலையும் முறைவைத்துக் கூட்டும் வழக்கமும் உண்டு. எவருடைய முறையோ அவர் கதவில் ஓர் அட்டை தொங்கும். அட்டை தொங்கியும் படி அழுக்காயிருந்தால் ஊர் அறிந்துவிடும்.

சமையல் வாசனை குறித்துப் பெண்கள் அஞ்சுகின்றனர். மிளகாய் வறுக்கும் நெடி மாடிப்படியெங்கும் ஏறினால் முறைப்பாடு வருமென்பது உண்மையே. ஆனால் அங்குள்ளோர் நாள்தோறும் இருமுறை, குளிர்காலத்திற்கூட, சாளரங்களை அகலத் திறந்து சில நிமிடம் காற்றோட விடுவர். பல வாடகை உடன்படிக்கைகளில் அதுவும் எழுதப்பட்டிருக்கும். சூடு போய்விடுமே என்று மூடியே வைத்தால் நீராவி சுவரிற் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். சோறு வடிக்கும் வீடுகளில் விரைவிற் பிடிக்கும். வீடு விடும்போது அதன் செலவு நம் தலையில் விழக்கூடும். கதவைச் சாத்திச் சாளரத்தைத் திறந்து வறுத்தால் இரண்டு குற்றங்களும் நீங்கும்.

பேச்சு வழக்கிலே தமிழருக்கு ஓர் அனுகூலம் உண்டு. ‘நீ’ என்றும் ‘நீங்கள்’ என்றும் வேறுபடுத்தும் மொழி நம்முடையது. ஜேர்மன் மொழியிலும் ‘டூ’ என்றும் ‘ஸீ’ என்றும் அவ்விரண்டும் உள. ஆங்கிலம் ஒன்றையே அறிந்து செல்பவர் தடுமாறும் இடத்தில் நாம் தடுமாற வேண்டியதில்லை. ஆயினும் ஒரு நுட்பம் உண்டு. நம்மிடையே வயதும் உறவும் சொல்லைத் தீர்மானிக்கும். அங்கே, மூத்தவர் முன்வந்து ‘இனி நாம் டூ என்று பேசலாம்’ என அழைக்கும்வரை, பத்தாண்டு அயலவரும் ‘ஸீ’ தான். அவ்வழைப்பு ஒரு சிறு சடங்கு. அது வந்த நாளைப் பலர் மறப்பதில்லை. வணக்கம் சொல்வதில் மட்டும் சிறுநகரத்தார் உலோபிகளல்லர். படிக்கட்டிலும், பாண் கடையிலும், வைத்தியரின் காத்திருப்பு அறையிலும் நுழைபவர் அங்குள்ள எல்லோருக்கும் பொதுவாக வணக்கம் கூற வேண்டும். கூறாதவரை அகம்பாவி என்பர். கூறிவிட்டுக் குடும்பம், சம்பளம் முதலியவற்றை விசாரிக்கத் தொடங்குபவரை அஞ்சி விலகுவர். எண்களிலும் கவனம் வேண்டும். இருபத்தொன்றை அவர்கள் ‘ஒன்றும் இருபதும்’ என்று தலைமாற்றிச் சொல்வர். தொலைபேசியில் வீட்டிலக்கத்தைக் கேட்டு எழுதிய புதியவர் 21ஆம் இலக்கத்துக்குப் பதிலாக 12ஆம் இலக்க வீட்டைத் தட்டுவது இதனால் நேர்வது.

உணவைப் பற்றி இரண்டொரு வார்த்தை போதும். பழைய வழக்குடைய வீடுகளில் நண்பகலிற்றான் சூடான உணவு. மாலையில் பாண், பாற்கட்டி, குளிர்ந்த இறைச்சித் துண்டு என்பனவே. மாலை விருந்துக்கு அழைக்கப்பட்டுச் சென்ற நம்மவர், இதுதானா உபசாரம் என்று உள்ளுக்குள் வருந்த வேண்டியதில்லை. தாம் உண்பதையே நமக்கும் தந்து வீட்டாராக மதித்தனர். நான்கு மணி என்றால் நான்கு மணிக்கே செல்ல வேண்டும். பிறந்தநாள் வாழ்த்தை முன்னதாகக் கூறுதல் அபசகுனம் என்று கருதுவர். சகுனம் பார்ப்பவர் நாம் மட்டுமல்லர் என்று அறிவதில் எனக்கு ஒரு திருப்தி.

பாடசாலையைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகின்றேன். பாடசாலையில் நெடுங்காலம் கழித்தவனுக்கு அது இயல்பு. முதலாம் வகுப்பிற் சேரும் நாளன்று ஒவ்வொரு பிள்ளையும் தன் உயரத்திற் பாதியளவான கடதாசிக் கூம்பொன்றை அணைத்துக்கொண்டு வரும். உள்ளே இனிப்பும் வண்ணத் தூரிகையும் நிறைந்திருக்கும். நாம் விசயதசமியன்று ஏடு தொடக்குவதுபோல் அவர்களுக்கு அது. இவ்வழக்கத்தை அறியாத தாய் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பிவிட்டால், அவ்வகுப்பிற் கூம்பில்லாத ஒரே பிள்ளை அதுவாகவே இருக்கும்.

பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பின் முடிவிலே, பத்து வயதில், பிள்ளைகள் வெவ்வேறு வகைப் பாடசாலைகளுக்குப் பிரிந்துவிடுவர். ஒன்று பல்கலைக்கழகத்துக்கு நேர்வழி. மற்றவை தொழிற்கல்விக்கு இட்டுச் செல்வன. எல்லாம் ஒன்றாயமைந்த பாடசாலைகளும் உண்டு. நம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சையைப் போல் ஒருநாட் சோதனையன்று அது. ஆசிரியர் ஆண்டு முழுவதும் கண்டதை வைத்துப் பரிந்துரை செய்வார். ஆகையால் பெற்றோர் மாலைக் கூட்டங்களுக்குத் தவறாது செல்வது கட்டாயம் போன்றது. வராத பெற்றோருக்குப் பிள்ளைமேல் அக்கறையில்லை என்று ஆசிரியர் கருதினால், அக்கருத்தை மாற்றுவது கடினம். வேலைமுறை காரணமாகச் செல்ல இயலாவிடின் முன்னரே ஒரு வரி எழுதியனுப்ப வேண்டும். இன்னொன்று: இலண்டனில் மாமன் மகள் திருமணமென்று விடுமுறைக்கு இரண்டு நாள் முன்னதாகப் பிள்ளையை அழைத்துச் செல்ல முடியாது. அனுமதியின்றிச் சென்றால் தண்டப்பணம் விதிப்பர்.

தொழிற்கல்வியை நம்மவர் இழிவாகக் கருதுவதை இங்கே கண்டிக்க வேண்டும். அந்நாட்டில் பயிற்சிபெறும் இளைஞன் வாரத்தில் மூன்று நான்கு நாள் தொழிலகத்திலும், எஞ்சிய நாள் தொழிற்பாடசாலையிலும், பெரும்பாலும் மூன்று முதல் மூன்றரை ஆண்டுகள் கற்கின்றான். கற்கும்போதே ஊதியமும் பெறுகின்றான். பின்னர் மேற்பரீட்சை எழுதி ‘மைஸ்டர்’ ஆனவனுக்குச் சிறுநகரில் உள்ள மதிப்பு அரைகுறைப் பட்டதாரிக்கு இல்லை. ‘என் மகன் வைத்தியனாகாவிட்டால் நாடு விட்டு வந்ததே வீண்’ என்று புலம்பும் தகப்பனாருக்கு இதைக் கூறுகின்றேன்.

பிள்ளைகளைப் பற்றிய இன்னொரு விடயம் எல்லாவற்றினும் எனக்குக் கவலை தருவது. பிள்ளைகள் ஓராண்டிலேயே மொழியைப் பிடித்துக்கொள்வர். பெற்றோர் பின்தங்குவர். விளைவாக, பத்து வயதுச் சிறுமி வைத்தியசாலைக்குத் தாயோடு சென்று, வைத்தியர் கூறும் நோயின் பெயரைத் தாய்க்கு மொழிபெயர்க்கின்றாள். வீட்டு வாடகை எச்சரிக்கையைச் சிறுவன் தகப்பனுக்கு வாசித்துக் காட்டுகின்றான். தன்னைப் பற்றிய முறைப்பாட்டை ஆசிரியர் அனுப்பினால் அதனையும் அவனே மொழிபெயர்ப்பான். அம்மொழிபெயர்ப்பு எப்படியிருக்கும் என்பதை எந்த ஆசிரியரும் ஊகிப்பார்! வேடிக்கையை விடுவோம். பிள்ளையின் தோளிற் பெரியவரின் சுமை ஏறுகின்றது. தகப்பனின் சொல்லுக்குரிய கனம் குறைகின்றது. பிற்காலத்தில் ‘பிள்ளைகள் நம்மை மதிப்பதில்லை, அந்நாட்டு நாகரிகம் கெடுத்துவிட்டது’ என்று வருந்தும் குடும்பங்கள் பலவற்றில், கேடு நாகரிகத்திலன்றி இவ்விடத்திலேதான் தொடங்கியது என்று நான் நம்புகின்றேன். 2005ஆம் ஆண்டு முதல் புதியவருக்கென அரசு நடத்தும் வகுப்புகளிற் பொதுவாக 600 பாட நேரம் மொழிக்கும், 100 பாட நேரம் நாட்டு நடப்புக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. வீட்டிற் சமையலுண்டு, சிறு பிள்ளையுண்டு என்று தாய் வகுப்பை நிறுத்துவதற்கு முன், வைத்தியசாலையில் அச்சிறுமியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

விதிகளைக் காத்து, மொழியையும் கற்று, பத்தாண்டு வாழ்ந்தபின்னும் ஊரில் ஒருவரையும் அறியாதிருப்போர் உளர். அமைதியாக வாழ்ந்தால் அயலவர் தாமாகவே அழைப்பர் என்று காத்திருந்தவர் அவர். அங்கே நட்பு வீட்டு வாயிலில் முளைப்பது அரிது. அது முளைக்கும் இடம் சங்கம். ஜேர்மனியிற் பதிவுபெற்ற சங்கங்கள் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவை. பாட்டுக்கொரு சங்கம், உதைபந்தாட்டத்துக்கொரு சங்கம், தோட்டத்துக்கொரு சங்கம், ஊர்ப் பழைமையைக் காப்பதற்கொரு சங்கம். சிற்றூர்களில் தீயணைப்பும் பெரும்பாலும் தொண்டர் படையினராலேயே நடக்கின்றது. சந்தா கட்டி, கூட்டத்துக்குச் சென்று, விழா முடிந்ததும் மேசை நாற்காலிகளை அடுக்கக் கைகொடுப்பவர் அவ்வூராராகிவிடுவார். அழகாகப் பேச வேண்டியதில்லை, கதிரை தூக்கினாற் போதும்.

நம்மவரே கூடி அமைத்த ஒரு நிறுவனத்தின் வரலாறும் இதற்கு நல்ல சான்று. சோஸ்ட் நகருக்கு அயலிலுள்ள ஹாம் நகரில் 1989ஆம் ஆண்டளவில் நிலவறையொன்றில் தொடங்கியது காமாட்சி அம்பாள் வழிபாடு. தொண்ணூறுகளில் தேர்த்திருவிழாவுக்கு வரும் கூட்டம் ஆண்டுதோறும் பெருகிற்று. குடியிருப்புத் தெருவில் மேளமும் நாதசுரமும் முழங்க, வண்டிகள் வாயில்களை மறைத்து நிற்க, அயலவர் முறையிட்டனர். கோயிலார் அதனை மதப் பகை என்று கொண்டு போராடியிருக்கலாம். அவ்வாறன்றி, இரைச்சலால் எவருக்கும் இடையூறில்லாத ஊன்றொப் கைத்தொழிற் பேட்டையில் நிலம் பெற்றுக் கட்டினர். 2002ஆம் ஆண்டு சூலை மாதம் கும்பாபிசேகம் நிறைவேறியது. 17 மீற்றர் உயரக் கோபுரம் தொழிற்சாலைகளின் நடுவே நிற்கின்றது. அருகிலோடும் கால்வாய் தீர்த்தமாடும் நீராயிற்று. திருவிழாவுக்குப் பல்லாயிரவர் வருகின்றனர். வேடிக்கை பார்க்க வந்து வரிசையில் நின்று சோறு வாங்கி உண்ணும் ஜேர்மானியரும் பலர். கைத்தொழிற் பேட்டையிலே அம்பாளைக் குடியேற்றியது குறைவு என்று எண்ணுவோர் சிலர். அங்கேதான் இரவு பகலாக மேளம் அடிக்கலாம் என்பதை அவர்கள் மறக்கின்றனர்.

இவ்வாறு கூறுவதால், அங்கே வெறுப்பே இல்லையென்று நான் சொல்லவில்லை. 1992ஆம் ஆண்டு ரொஸ்ரொக் நகரில் வெளிநாட்டார் தங்கிய கட்டடத்தை எரித்தபோது கைதட்டி நின்ற கூட்டமும் உண்டு. அதே ஆண்டு மோல்ன் என்னும் சிறுநகரிலும், 1993இல் சோலிங்கன் நகரிலும் துருக்கியர் வீடுகளுக்குத் தீயிட்டனர். பெண்களும் சிறுமிகளும் மாண்டனர். இவை ஞாயிற்றுக்கிழமைச் சத்தத்தால் விளைந்தவையல்ல. விதியை எவ்வளவு காத்தாலும் தோலின் நிறத்தை மாற்ற இயலாது. வாடகைக்கு வீடு கேட்கும்போது பெயரைக் கேட்டதும் ‘வீடு போய்விட்டது’ என்று கூறுவோர் உளர். அதற்கெதிராக 2006ஆம் ஆண்டுச் சட்டமொன்று இருக்கின்றது. முறையிடுவதற்கு அரசாங்கத்தின் ஆலோசனை நிலையமும் உண்டு. புதியவர் அறிய வேண்டியது இரண்டையும் பிரித்துணர்வதே. கதவைத் தட்டிச் சத்தத்தைக் குறைக்கக் கேட்ட கிழவியையும், வெறுப்பால் வீடு மறுத்தவரையும் ஒரே தட்டில் வைத்தால், முன்னவளை இழப்போம், பின்னவருக்கெதிராகச் சாட்சி சொல்ல ஆளுமிராது.

புறப்படுமுன் செய்து முடிக்கவேண்டிய காரியங்களைக் கூறி நிறுத்துகின்றேன். திருமணமாகிச் செல்லும் வாழ்க்கைத்துணைவர் ஆரம்பநிலை மொழியறிவைக் காட்ட வேண்டும் என்பது 2007ஆம் ஆண்டு முதல் பொதுவிதி. கொழும்பிலுள்ள கேதே நிறுவனம் அப்பரீட்சையை நடத்துகின்றது. நம் நாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரம் அங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதமே செல்லும். அதன்பின் அங்குள்ள பரீட்சைகளை எழுத வேண்டும். பிறப்பு, விவாகம், கல்வி ஆகியவற்றுக்கான சான்றிதழ்களை அத்தாட்சிப்படுத்தி, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு மொழிபெயர்த்து, மூலத்தையும் கையிற் கொண்டு செல்ல வேண்டும். எல்லாப் பத்திரங்களிலும் பெயரின் எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கின்றதா என்று ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் இன்னொரு விதமாகவும் இருந்தால், அங்குள்ள பதிவாளருக்கு அவர் இரண்டு மனிதர். பிழையிருப்பின் இங்கிருக்கும்போதே பதிவாளர் அலுவலகத்தில் திருத்திக்கொள்ளலாம். அங்கிருந்து திருத்த முற்பட்டால், மஞ்சள் உறைத் தவணை முடியுமுன் திருத்தம் வந்து சேராது.